துபாயில் வீட்டுக்கடன், கோவையில் வீட்டுக்கடன்: கணக்குப் போட்டுப் பார்த்த கதை

தை நோம்பிக்குத் துபாயிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது கோபியில் எங்கள் வாசலில் மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்தார்கள். அப்பா, "தோட்டத்த ஒட்டி ரெண்டு ஏக்கர் விலைக்கு வருது, போரும் இருக்குது, போட்டு வெச்சுக்க கண்ணு" என்றார். அம்மாவுக்குக் கோவையில் ஒரு தனி வீடு. திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் பெரியப்பா மகனோ, "துபாய்லயே அபார்ட்மென்ட்ல பிளாட் வாங்கு தம்பி, கூட நானும் ஒண்ணு வாங்கிப் போடறேன்" என்றார்.

அப்பாவின் கட்சி முதலிலேயே விழுந்தது. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் (பெமா) இடமில்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "அப்ப எம்பேர்ல வாங்கறேன், நீ பணத்த மட்டும் அனுப்பு" என்றார். அது தனி வழக்கு.

மிச்சம் துபாயும் கோவையும். வெளிநாட்டுக்காரனுக்கு எவன் கடன் கொடுப்பான் என்று நினைத்திருந்தேன். அமீரக விசாவும் சம்பளமும் இருந்தால் கொடுக்கிறார்கள். 50 லட்சம் திர்ஹாமுக்கு உட்பட்ட முதல் வீடு என்றால் விலையில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் 25 வருடம். கட்டி முடிக்காத பிளாட்டுக்குப் பாதிதான். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

இந்தப் பாதிக் கணக்கில்தான் நான் மாட்டினேன். சும்மா கிடந்த கிரெடிட் கார்டு ஒன்று, லிமிட் 40,000 திர்ஹாம். தேய்த்ததே கிடையாது. வங்கியோ லிமிட்டில் 5 சதவீதம், அதாவது மாதம் 2,000 திர்ஹாம் தவணை போவதாக எழுதிக்கொண்டது. கார்டை ரத்து செய்து, அதற்கான கடிதத்தைக் கொடுத்த பிறகே கடன் தொகை ஏறியது. விண்ணப்பிக்கும் முன்பே கார்டுகளைக் குறைத்துவிடுங்கள்.

'20 சதவீதம் கையில் இருந்தால் போதும்' என்று புரோக்கர் சொல்வதையும் நம்ப வேண்டாம். 10 லட்சம் திர்ஹாம் பிளாட்டுக்குக் கைப்பணம் 2 லட்சம். துபாய் நிலத்துறைக்கு 4 சதவீதம், 40,000. புரோக்கருக்கு 2 சதவீதமும் வரியும், 21,000. அடமானப் பதிவுக்குக் கடனில் கால் சதவீதமும் 290 திர்ஹாமும். கூட்டினால் 2,63,290, வங்கியின் மதிப்பீட்டுச் செலவு தனி. 2025 பிப்ரவரியிலிருந்து நிலத்துறைக் கட்டணத்தையும் கமிஷனையும் கடனோடு சேர்க்க முடியாது. முழுக்கக் கையைக் கடிக்கும்.

கோவையில் இதைவிட மலிவு என்று நினைக்காதீர்கள். 80 லட்சம் ரூபாய் தனி வீட்டுக்கு 80 சதவீதம், 64 லட்சம் கடன் கிடைத்தாலும் கைப்பணம் 16 லட்சம். முத்திரைத்தாளும் பதிவும் 9 சதவீதம், 7.2 லட்சம். ஆக 29 சதவீதம் நம் கையிலிருந்து. நேரில் வர முடியாவிட்டால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் சான்று வாங்கி ஊருக்கு அனுப்பி, வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும்.

கோவைக் கடனுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தவணை ரூபாயில், வருமானம் திர்ஹாமில். திர்ஹாம் டாலரோடு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டது. ரூபாய் சரியச் சரிய தவணை லேசாகும். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதமும் இல்லை. துபாய்க் கடனில் பயம் வேறு: வேலை போனால் விசா போகும், கடன் போகாது.

இருந்தும் நான் துபாயைத்தான் எடுத்தேன். வருடத்துக்கு நாலு செக் எழுதி வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பணம் இப்போது தவணைக்குப் போகிறது. இன்னும் எட்டு வருடமாவது இங்கே இருப்பேன், பிள்ளை படிப்பு அப்படி. ஊர் திரும்பினாலும் வெளிநாட்டில் இருந்தபோது வாங்கிய சொத்தை வைத்துக்கொள்ள பெமா அனுமதிக்கிறது. வயது ஐம்பதைத் தாண்டியவரென்றால் கோவைதான் என்பேன்.

பெரியப்பா மகன் கதை வேறு. திருப்பூரில் குடியிருப்பவர் துபாய் வங்கியில் வீட்டுக்கடன் வாங்க பெமாவில் வழியில்லை. வெளிநாட்டுச் சொத்துக்கு அனுப்பவென்று இந்திய வங்கியும் கடன் தரக் கூடாது. சொந்தப் பணம் அனுப்பலாம், ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை. 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி, பிடிப்பார்கள்: 60 லட்சம் அனுப்பினால் வங்கியில் இன்னொரு 10 லட்சம் வைக்க வேண்டும். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்தான், ஆனால் நூல்காரனுக்குப் போக வேண்டிய பணம் அதுவரை அங்கே தூங்கும். பிளாட்டை வருடா வருடம் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டவும் வேண்டும்.

அவினாசி ரோடு ஓட்டலில் ஸ்டால் போட்டிருந்த பில்டர் ஆள் 'மாசம் 1 சதவீதம் கட்டினாப் போதும்' என்று கொடுத்த நோட்டீஸை அண்ணா இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். ஆடிட்டரிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்கண்ணா என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா நேற்றுப் போனில் பேசினார். அந்த ரெண்டு ஏக்கர் இன்னும் விற்கவில்லையாம்.