ஸ்கேன் செய்த மலரை இணையப் பக்கமாக்க: எக்ஸாக்ட் காப்பியா, ஓடும் உரையா?

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால் ஓலைக்கும் பேரேட்டுக்கும் நடுவே அச்சுத் தாள்களும் நிறைய இருக்கும். கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், கல்யாணத்துக்கு அச்சடித்த வாழ்த்துமடல். எங்கள் ஊர்க் கோயில் மலரையும் சில வாழ்த்துமடல்களையும் மலேசியா, சிங்கப்பூரில் இருக்கிற பங்காளிகள் போனிலேயே படிக்கும்படி இணையப் பக்கங்களாக்கினேன். ஸ்கேன் செய்வது சுலபம். ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை உரையாக மாற்றும் மென்பொருள்) எழுத்துகளைப் படித்து முடித்ததும் எந்த வடிவில் சேமிப்பது என்று கேட்கும் இடத்தில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. திரை அகலத்துக்கேற்ப வரி மடங்கும் ஓடும் உரையை நான் தேர்ந்தெடுத்தேன்; பக்கத்தின் படத்தையும் கூடவே வைத்தேன்.

வெறும் படமாகப் போடுவதை முதலிலேயே தள்ளிவிடலாம். பெயர் தேட முடியாது, போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கியே படிக்க வேண்டும். டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருள் தரும் எச்ஓசிஆர் கோப்பும், இணையப் பக்கங்களைப் போலவே, எச்டிஎம்எல்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற அளவுகளைச் சுமந்து வருவது அது. தேடக்கூடிய பிடிஎஃப் செய்ய உதவும், அப்படியே வாசகர் கையில் கொடுக்க உதவாது.

மீதி இரண்டு: பக்கத்தை அச்சில் இருந்தபடியே காட்டும் எக்ஸாக்ட் காப்பி, ஓடும் உரை. எக்ஸாக்ட் காப்பி முதல் பார்வையில் அசத்திவிடும். இரண்டு பத்தி அமைப்பு, ஓரத்துப் பூவேலை, நடுவில் கோபுரப் படம், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ஒவ்வொரு வரியையும் மேலிருந்து இத்தனை, இடமிருந்து இத்தனை என்று ஒரு பெட்டிக்குள் நிறுத்தித்தான் மென்பொருள் இதைச் செய்கிறது. போனில் திரைக்கேற்ப வரி மடங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், பின்னால் வரும் திருத்தம்.

தமிழ் ஓசிஆர் பிழையில்லாமல் வராது. ஈய எழுத்து கோத்து அச்சடித்த தாளில் மெய்யெழுத்தின் புள்ளி மங்கியிருக்கும். புள்ளி போனால் 'ட்' 'ட' ஆகிவிடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ணை, னை எல்லாம் கொம்பு வைத்த பழைய வடிவம். றா, ணா, னா வேறு உருவம். இவற்றில் மென்பொருள் அடிக்கடி தடுமாறுகிறது. பிழைகளை உட்கார்ந்து ஒரே மூச்சில் தீர்த்துவிட முடியாது. படிக்கிறவர்கள் சொல்லச் சொல்லத்தான் வெளியே வரும். ஓர் ஆச்சி அழைத்துச் சொன்னார்: "தம்பி, எங்க அப்பச்சி பேரு வள்ளியப்பன். நீ போட்டதுல வன்ளியப்பன்னு இருக்கு, கொஞ்சம் பாரு."

ஓடும் உரையில் அந்தப் பக்கத்தை நோட்பேடில் திறந்து, பெயரைத் தேடி, மாற்றிச் சேமித்தால் முடிந்தது. ஒரே பிழை பல பக்கங்களில் இருந்தால் மொத்தமாகவே மாற்றலாம். எக்ஸாக்ட் காப்பியில் ஒரு சொல் பல துண்டுகளாகக் கிடக்கலாம், தேடினால் சிக்காது. சிக்கினாலும், விட்டுப்போன இரண்டு எழுத்தைச் சேர்த்தால் வரி பெட்டியைத் தாண்டிப் பக்கத்துப் பத்தியின் மேல் ஏறும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு கல்லை மாற்றுவது போல, அதே அளவு இருந்தால்தான் உட்காரும். கணினி அதிகம் பழகாத இன்னொருவரிடம் இந்த வேலையை ஒப்படைக்கும் நாள் வரும். ஒரு பத்தியைத் திறந்து சொல்லை மாற்ற அவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பெட்டி அளவுகளைச் சரிசெய்யச் சொல்லிக்கொடுப்பது பெரிய பாடு.

வரி முறிவைத் தக்கவைக்கவா என்ற தேர்வையும் கவனிக்க வேண்டும். பழைய தமிழ் அச்சில் வரி முடிந்தால் சொல்லை நடுவில் ஒடித்துவிடுவார்கள், இணைப்புக்கோடும் போடமாட்டார்கள். முறிவைத் தக்கவைத்தால் 'கும்பா' ஒரு வரியிலும் 'பிஷேகம்' அடுத்த வரியிலும் நிற்கும், தேடினால் கிடைக்காது. நீக்கினாலும் நடுவில் ஓர் இடைவெளி வந்து உட்காரும். உரைநடைக்கு நீக்கிவிட்டு, ஒடிந்த சொற்களைக் கையால் ஒட்டுவதே நல்லது. வாழ்த்துமடல் வெண்பாவுக்கு முறிவு கட்டாயம் இருக்கட்டும். நாலு வரி ஒரே பத்தியாக ஓடினால் அது வெண்பாவாகவே தெரியாது.

எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8, வேறு யோசனையே வேண்டாம். அப்புறம், யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறி ஒன்றுதான். வித்தியாசம் எழுத்துருவில் மட்டும். ஆகவே ஓடும் உரையில் மலர் இன்றைய எழுத்தில்தான் தெரியும். பழைய அச்சின் முகத்தைக் காட்டப் படம் இல்லாமல் முடியாது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகமும் நூல்களைப் பக்கம் பக்கமாக மைக்ரோஃபிலிமில் படமெடுத்துக் காத்தது.

படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்து அசலைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்துக்கு 150 போதும்; ஏ4 பக்கம் 1240க்கு 1754 பிக்சல் வரும். கறுப்பு வெள்ளைப் பக்கத்துக்கு பிஎன்ஜி நல்லது, ஜேபெக்கை அதிகமாக அழுத்தினால் எழுத்தோரம் கசங்கும். வண்ணப் பக்கம் என்னிடம் அட்டை மட்டும்தான் இருந்தது, அதை ஜேபெக்கில் போட்டேன். வண்ணப் படங்கள் நிறைந்த மலருக்கு இதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

படங்களை எச்டிஎம்எல்லுக்குள்ளேயே பொதிந்தால் வாட்ஸப்பில் ஒரே கோப்பாக அனுப்பலாம், ஆனால் படத்தின் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். தளத்தில் ஏற்ற, படங்கள் தனிக் கோப்புறையில் இருப்பதே வசதி. பெயர் திருத்தும்போது சிறிய உரைக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.

எக்ஸாக்ட் காப்பிக்கு நியாயம் உள்ள ஓர் இடம் கணக்குப் பக்கம். மலரின் கடைசியில் வரும் வரவு செலவுப் பட்டியலில் தொகை எந்தப் பெயருக்கு நேராக நிற்கிறது என்பதுதான் முக்கியம். சிறிய பட்டியலை நான் எச்டிஎம்எல் அட்டவணையாகவே தட்டச்சு செய்துவிட்டேன். நீளமான நன்கொடைப் பட்டியல் பல பக்கம் ஓடினால் எக்ஸாக்ட் காப்பி நேரத்தை மிச்சப்படுத்தலாம். அவ்வளவு பெரிய பட்டியல் என் கைக்கு வரவில்லை. கையெழுத்துப் பேரேட்டுக்கு இந்த இரண்டுமே சரிவராது. அதிலுள்ள பற்றுக்குறி ௶, வரவுக்குறி ௷ போன்றவை 2003இலேயே யூனிகோடில் ஏறிவிட்டன, தட்டச்சு செய்ய முடியும். ஆனால் பேரேடு எழுதிய செட்டியார்களின் கையெழுத்தை நான் பயன்படுத்திய ஓசிஆர் படிக்கவில்லை. அதைப் படமாகப் போட்டு, ஆண்டையும் ஆள் பெயர்களையும் கீழே தட்டச்சு செய்து வைத்தேன். தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கிறது.