மோனோலித்தா, மைக்ரோசர்வீஸா: வேகம் எங்கே தேங்குகிறது?

மொத்த மென்பொருளும் ஒரே நிரலாக இருந்தால் மோனோலித்; தனித்தனியே இயங்கும் சிறு நிரல்களாக, அதாவது சர்வீஸ்களாகப் பிரித்தால் மைக்ரோசர்வீஸ். இரண்டில் எது வேகமானது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஒரு சின்ன மாற்றத்தை வெளியிட உங்கள் குழு எத்தனை குழுக்களுக்காகக் காத்திருக்கிறது?

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் பதினான்கு சர்வீஸ்கள். முகவரிப் படிவத்தில் 'அருகிலுள்ள அடையாளம்' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டியிருந்தது. முகவரி, ஆர்டர், பில், டெலிவரி என நான்கு சர்வீஸ்களைத் தொட வேண்டும். நான்கும் நான்கு குழுக்களின் கையில். நிரல் எழுத அரை நாள் ஆனது. நான்கு குழுக்களும் நேரம் ஒதுக்க ஐந்து வாரம் ஆனது. வெளியிட்ட இரவு பில் சர்வீஸ் மட்டும் பழைய பதிப்பிலேயே நின்றுவிட, எல்லாவற்றையும் பழைய பதிப்புக்கே திருப்பினோம். பெயருக்குத்தான் பதினான்கு, எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தன.

ஒரு நிறுவனம் வடிவமைக்கும் அமைப்பில் அதன் ஆட்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறையே அச்சாக விழும் என்று கணினி நிரலாளர் மெல்வின் கான்வே 1968-லேயே எழுதினார். அமேசான் இதைத் தலைகீழாகப் பயன்படுத்திக்கொண்டது: வேண்டிய அமைப்புக்கு ஏற்பக் குழுக்களைப் பிரித்தது. இரண்டு பீட்சாவில் பசியாறும் அளவுக்குச் சிறிய குழு. சர்வீஸை எழுதியவர்களே அதை இயக்கவும் வேண்டும். வேகம் வந்தது அந்த முழுப் பொறுப்பிலிருந்துதான். அதற்கு விலையும் உண்டு. 2008-ல் டேட்டாபேஸ் பழுதாகி மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்த நெட்ஃபிளிக்ஸ், மோனோலித்தை மைக்ரோசர்வீஸ்களாகப் பிரித்துக் கிளவுடுக்கு மாறி முடித்தது 2016 ஜனவரியில். அவ்வளவு பொறுமையும் ஆள்பலமும் எல்லோரிடமும் இருக்காது.

வாடிக்கையாளர் தரவைத் திரட்டிப் பிற கருவிகளுக்கு அனுப்பும் செக்மென்ட் நிறுவனத்தின் கதை எதிர்த்திசையில் போகிறது. தரவை அனுப்பும் ஒவ்வோர் இடத்துக்கும் தனி சர்வீஸ் வைத்து, 140-க்கு மேல் பெருகிவிட்டது. எல்லா சர்வீஸ்களும் பகிர்ந்துகொள்ளும் பொது லைப்ரரியில் ஒரு திருத்தம் செய்தால் அத்தனையையும் சோதித்து வெளியிட வேண்டும். மூன்று பொறியாளர்களின் பெரும்பாலான நேரம் அமைப்பை உயிரோடு வைத்திருப்பதிலேயே கரைந்தது. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். அந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன்.

இணையக் கடைகள் நடத்த உதவும் ஷாப்பிஃபையின் வழி இரண்டுக்கும் நடுவே. பல லட்சம் வரி ரூபி மொழி நிரல் ஒரே இடத்தில். உள்ளே மட்டும் பகுதி பகுதியாக எல்லை. எல்லை மீறலைக் கண்டுபிடிக்க பேக்வெர்க் என்ற கருவியை அவர்களே எழுதி 2020-ல் பொதுவில் விட்டார்கள். முப்பது நாற்பது பேர் உள்ள நிறுவனத்துக்கு நான் சொல்வது இதைத்தான். எல்லையைத் தவறாகப் போட்டுவிட்டாலும் கோப்புகளை நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். தனித்தனி சர்வீஸ்களாகப் பிரித்து நெட்வொர்க் குறுக்கே வந்துவிட்டால் அதே திருத்தத்துக்கு இரண்டு டேட்டாபேஸ்களையும் இரண்டு குழுக்களையும் பிரித்துச் சேர்க்க வேண்டும். தனியாகப் பிரிக்கத் தகுந்தவையும் உண்டு: தேடல், வீடியோ வடிவ மாற்றம் போன்று சுமை வேறுபடுபவை, கார்டு எண்ணைத் தொடுபவை.

எங்கள் இடத்தில் பிற்பாடு முகவரி, ஆர்டர், டெலிவரி மூன்றையும் ஒரே நிரல்தொகுப்பாக்கி ஒரே குழுவிடம் கொடுத்தார்கள். 'மாற்றுத் தொலைபேசி எண்' என்ற அடுத்த கட்டம் திங்கள்கிழமை கேட்கப்பட்டு, புதன்கிழமை வெளியானது.