மசாலா மில்லுக்கு வாடகைச் சந்தைப்படுத்தல் தலைவர்: காசுக்குத் தகுமா?

பகுதிநேரச் சந்தைப்படுத்தல் தலைவர் என்று ஒரு சேவை சிங்கப்பூரில் கிடைக்கிறது. பெரிய நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் பிரிவை நடத்திப் பழகியவர், மாதத்தில் சில நாள்கள் மட்டும் நம் கடைக்காக வேலை செய்வார். விளம்பரப் படம் எடுத்துத் தருவது அவர் வேலையன்று. எதை, யாருக்கு, என்ன விலைக்கு விற்பது, எதைத் தொடாமல் விடுவது என்று நம்மை முடிவெடுக்க வைப்பார். லிட்டில் இந்தியா வட்டாரத்தில், தேக்கா பக்கம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் என் மாமனார் தொடங்கிய மசாலா அரைவை மில்லுக்கு இப்படி ஒருவரை அமர்த்தினோம். பணம் வீண் போகவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இவருக்கு முன் ஒரு விளம்பர நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தது. பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்கட்டும். மாதா மாதம் வண்ண வண்ணமாய் அறிக்கை வரும்: இத்தனை பேர் பார்த்தார்கள், இத்தனை பேர் விரும்பினார்கள். விரும்பியவர்கள் எந்த ஊரில் இருந்தார்களோ, மிளகாய்த்தூள் வாங்க மட்டும் ஒருவரும் வரவில்லை. தீபாவளிக்கு 20 விழுக்காடு தள்ளுபடி போடுங்கள் என்றார்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்களும் முறுக்கு மாவு அரைக்க வருகிறவர்களின் வரிசை அடுத்த கடை வாசலை மறைத்துக்கொண்டு நிற்கும். தானாக வரும் கூட்டத்துக்கு எதற்காகக் காசைக் கழித்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். 'எல்லாக் கடைகளும் செய்கின்றன, மேடம்' என்பதுதான் பதில்.

புதியவர் தமிழ்ப்பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். முதல் வாரம் யோசனை என்று எதுவும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலையில் வந்து, தராசுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவரும் உள்ளே வந்ததும் சொல்கிற முதல் வாக்கியத்தை எழுதிக்கொண்டே இருந்தார். மில் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் எழுதினார். மதியம் அந்தத் தாள்களை மாவு மூட்டையின் மேல் பரப்பிக் காட்டினார். வயதானவர்கள் 'வழக்கம்போல் அரைத்துக் கொடு' என்பதோடு சரி. முப்பது வயதையொட்டிய பெண்கள்தான் கைப்பேசியைத் திறந்து அம்மா அனுப்பிய குரல்பதிவை ஓடவிடுகிறார்கள்: ஒரு படி மல்லி, அரைப்படி மிளகாய், ஒரு கை சோம்பு. பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, 'அது எத்தனை கிராம்?' என்கிறார்கள். மில்லில் நிற்கும் அண்ணன் கையால் அள்ளித் தராசில் போட்டுக் காட்டுவார். இது பல வருடங்களாக என் கண் முன்னால் நடப்பதுதான்.

'அக்கா, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பேரங்காடியில் யார் இருக்கிறார்கள்?' என்றார் அவர்.

அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. இப்போது கடையில் ஒரு பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டு மசாலாவின் அளவும் கிராம் கணக்கில், அந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கும். மல்லி ஒரு கிலோ, மிளகாய் அரைக் கிலோ, மிளகும் சீரகமும் நூறு நூறு கிராம் என்று தொடங்கி, கடைசி வரியில் 'வெந்தயம் சிறிது கருக வறுக்கவும்' என்பதுவரை. அடுத்த முறை ஒரு செய்தி அனுப்பினால் போதும். அரைத்து வைத்திருப்போம், பேநவ்வில் பணம் செலுத்திவிட்டு எடுத்துப் போகலாம். ஒருமுறை அளவைப் பதிந்தவர்கள் வேறு கடைக்குப் போவது அபூர்வம்.

இந்தப் பதிவேட்டில் பெயரும் எண்ணும் இருப்பதால் ஒப்புதல் படிவம் வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பற்றி எனக்கும் அரைகுறையாகத் தெரியும். ஆனால் பழைய நிறுவனம் பில் புத்தகத்தில் இருந்த எண்கள் எல்லாவற்றுக்கும் விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பத் திட்டம் போட்டு வைத்திருந்தது. விளம்பரம் வேண்டாம் என்று எண்ணைப் பதிந்து வைப்பதற்கான பதிவேடு 2014 முதல் நடப்பில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் அனுப்பினால் அபராதத்தைக் கட்டப்போவது கடைக்காரர். புதியவர் அந்தத் திட்டத்தைக் குப்பையில் போட்டார்.

அமெரிக்கப் பேராசிரியர் ஜெரோம் மெக்கார்த்தி 1960இல் சந்தைப்படுத்தலுக்கு வகுத்த நான்கு கட்டங்களை ஒருநாள் பழுப்புத் தாளில் வரைந்து காட்டினார்: பொருள், விலை, இடம், விளம்பரம். பழைய நிறுவனம் நான்காவது கட்டத்தைவிட்டு வெளியே வரவேயில்லை. இவர் அந்தக் கட்டத்துக்குக் கடைசியாகத்தான் வந்தார். விலைக்கு ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2025 மே மாதம் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 500 வெள்ளி சிடிசி (சமூக மேம்பாட்டு மன்ற) பற்றுச்சீட்டு கிடைத்தது. பாதி பேரங்காடிக்கு, பாதி எங்களைப் போன்ற அக்கம்பக்கக் கடைகளுக்கும் உணவங்காடிக்கும். சீட்டுகள் 2, 5, 10 வெள்ளியாக இருக்கும், மீதிச் சில்லறை தரப்படாது. எங்கள் பொட்டலங்களோ 4.60, 8.70 என்று கோணல்மாணலாக இருந்தன. வாடிக்கையாளர் கணக்குப் போட்டுக் களைத்துப்போய்க் கீழே வைத்துவிடுவார். எடையை மாற்றி 5 வெள்ளி, 10 வெள்ளிப் பொட்டலங்களாகக் கட்டினோம். வாசலில் சிறிய அட்டை ஒன்றுதான் மாட்டினோம். கல்லாவில் தயக்கம் போய்விட்டது.

தீபாவளிக்குத் தள்ளுபடிக்குப் பதிலாக முன்பதிவு வைத்தார். சாலையில் தீபாவளி அலங்கார விளக்குகள் ஏற்றியதும் அரைக்கும் நேரத்தைப் பதிந்துகொள்ளலாம், கடைசி வாரத்தில் வருகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். அதே மில், அதே ஆட்கள்தான், நெரிசல் மட்டும் குறைந்தது.

தலைமை என்ற சொல்லுக்கு அவரிடம் பெரிய ஆர்ப்பாட்டம் ஏதுமில்லை. மாதக் கூட்டத்தில் மில் ஓட்டும் அண்ணனையும் உட்கார வைத்தார். என் கணவர் முகம் சுளித்தார். ஆனால் முன்பதிவில் அரைமணிக்கு எத்தனை பேரைப் போடலாம் என்று சொல்லத் தெரிந்தவர் அந்த அண்ணன் ஒருவர்தான். கல் சூடேறினால் மசாலாவின் மணம் போய்விடும், நடுவில் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று அவர் சொன்ன பிறகு அட்டவணை முழுவதும் மாறியது. சமூக ஊடக விருப்பக் குறிகளை எண்ணுவதைப் புதியவர் விட்டுவிடச் சொன்னார். மூன்று மாதத்துக்குள் மீண்டும் அரைக்க வந்தவர்கள் எத்தனை பேர் என்ற ஒரே எண்ணைக் கல்லாவுக்கு மேல் எழுதி வைத்தோம். அது இறங்கினால் எல்லாரும் பார்ப்பார்கள், நான் உட்பட.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில். ஞாயிற்றுக்கிழமை பதில் கிடைக்காது. தேக்காவில் ஞாயிறுதான் உயிர், இது அவருக்குத் தெரியாததா? வாடிக்கையாளர் அட்டை என்று ஒன்றை அச்சடிக்க வைத்தார், அது இன்னும் இழுப்பறையில் கிடக்கிறது. பிரிட்டனில் லெஸ் பினெட், பீட்டர் ஃபீல்ட் என்ற இருவர் விளம்பர விருதுத் தரவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட 60க்கு 40 கணக்கைக் கொண்டுவந்தார்: செலவில் ஏறத்தாழ 60 விழுக்காடு பெயரை நிலைநாட்ட, மீதி உடனடி விற்பனைக்கு. பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தட்டும். விளம்பரத்துக்கு மாதம் சில நூறு வெள்ளி செலவழிக்கும் மில்லுக்கு இந்த விகிதம் கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அமைச்சர் வீட்டுப் பந்தல் போட்டது போல இருந்தது. வானொலியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பழைய காலம் என்றார், நான் ஒலி 96.8இல் விளம்பரம் கொடுத்தேன். சமையலறையில் வானொலி ஓடாத அத்தை யார் இருக்கிறார்? 'ஒலியில் கேட்டேன்' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை அவரே எண்ணி எழுதிக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

கட்டணம், முழுநேரப் பணியாளர் ஒருவரின் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. புதிதாகக் கடை திறப்பவர்கள் முதலில் தாங்களே கல்லாவில் நின்று பார்க்கட்டும். பத்திருபது வருடம் ஓடி, விற்பனை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் கடைகளுக்குத்தான் இது பயன்படும். என்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் மானியம், அங்கீகரிக்கப்பட்ட சில தீர்வுகளுக்குப் பாதிவரை செலவை ஏற்கும் என்பதற்காக மட்டும் எந்தச் சேவையையும் வாங்காதீர்கள். மீதிப் பாதி நம் பணம். கையெழுத்திடுவதற்கு முன் சமூக ஊடகக் கணக்குகளும் கடவுச்சொற்களும் வாடிக்கையாளர் பட்டியலும் உங்கள் பெயரில் இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். பழைய நிறுவனத்திடமிருந்து எங்கள் பக்கத்தைத் திரும்பப் பெற இன்னும் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறோம்.