பீடியை விட வைக்க யார் தயார்? ஓ.பி. டாக்டரா, வீடு தேடி வரும் ஊழியரா, குவிட்லைன் எனும் தொலைபேசி ஆலோசனையா?

சேலம் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதற்குள் டாக்டர் முகம் பார்த்து "இன்னிக்கே நிறுத்துங்க" என்று சொன்னாலே பலன் உண்டு. ஆனால் சீட்டில் 'புகைப்பவர்' என்று குறித்ததோடு பலர் விட்டுவிடுகிறார்கள். அடுத்து ஒரு கேள்வி கட்டாயம்: காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி? அரை மணிக்குள் என்றால் பீடி ஏக்கத்தைத் தணிக்கும் நிகோட்டின் சூயிங்கம் 4 மி.கி., அதற்குப் பிறகென்றால் 2 மி.கி. மருந்தைத் தீர்மானிப்பதில் டாக்டருக்கு ஈடில்லை.

நோயாளி கோட்டை விடுவது சூயிங்கத்தை மெல்லும் முறையில்தான். பபிள்கம் மாதிரி மென்றால் நிகோட்டின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். "எனக்கு ஒத்துக்கல" என்று துப்பிவிடுவார். மெதுவாக மென்று, சுள்ளென்று காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி நேரம். காபி, டீ குடித்து 15 நிமிடம் கழித்தே வாயில் போட வேண்டும்; அவற்றின் புளிப்பு, நிகோட்டின் வாய்வழி ஏறுவதைத் தடுக்கும். ஏற்காட்டுக் காபித் தோட்டத்து ஆட்களுக்கு இதைச் சொல்லாமல் சூயிங்கம் கொடுப்பது வீண். புகையை நிறுத்தியதும் உடலில் காஃபின் கழிவதும் மந்தமாகும். வழக்கமான அளவே குடித்தால் படபடப்பு வரும், தூக்கம் கெடும். அதைப் பீடி ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்ற வைப்பார். காபியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்து காட்டப் பொருத்தமானவர் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர். 2021 முதல் பி.பி., சுகர் மாத்திரையோடு வாசலுக்கே வருகிறார். அந்த வீட்டில் வேறு யார் பிடிக்கிறார் என்பதும் அவருக்குத் தெரியும். குறை ஒன்றுதான். விட்டவர்கள் மீண்டும் தொடங்குவது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே. அவர் அடுத்த மாத்திரையோடு வருவதற்குள் அது முடிந்துவிடும்.

குவிட்லைன் 1800-11-2356 இலவசம், தமிழிலும் பேசலாம், அவர்களே திரும்ப அழைத்தும் விசாரிப்பார்கள். எண் பாக்கெட்டில்தான் அச்சாகியிருக்கிறது. பெட்டிக்கடையில் சில்லறையாக வாங்குபவர் கண்ணில் படாது. மலைக்கிராமத்தில் சிக்னலும் வேண்டும்.

ஒருவருக்குத்தான் பயிற்சி தர முடியும் என்றால் எங்கள் ஓட்டு வீடு தேடி வரும் ஊழியருக்கே. முதல் பீடிக் கேள்வி, மெல்லும் முறை, நிறுத்திய 2ஆம் நாளும் 7ஆம் நாளும் ஒரு போன்: இவ்வளவு கற்றுக்கொடுத்தால் போதும். கர்ப்பிணியோ, அண்மையில் மாரடைப்பு வந்தவரோ என்றால் மட்டும் சூயிங்கம் பேச்சை எடுக்காமல் நேரே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.