மணி அடித்தால் பாடம் முடிந்துவிடுமா? தொடக்கப்பள்ளிக் கால அட்டவணைக்கு நான்கு வழிகள்

பாடத்திட்டத் திருத்தம் என்றதும் எந்தப் பாடத்தைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்றுதான் பேச்சு தொடங்குகிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தை காலை பத்து மணிக்கு எங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கும் என்ற கேள்வி கடைசியில்தான் வரும். பல சமயம் வராமலே போய்விடும். வடசென்னையில் முப்பது ஆண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். மூன்று முறைகளில் பாடம் நடத்தியிருக்கிறேன். நான்காவது, 2023-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு. கால அட்டவணைதான் பாடத்திட்டத்தின் உயிர் என்பது என் அனுபவம். ஆகவே அந்த ஒரு கோணத்திலிருந்தே இந்த நான்கையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் நாம் எல்லோரும் படித்து வளர்ந்த பாடவேளை முறை. நாற்பது நிமிடத்துக்கு ஒரு மணி. தமிழ், கணக்கு, ஆங்கிலம், சூழ்நிலையியல் என்று வரிசை. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பு கிடைக்கும் பள்ளியில் இது ஓரளவு ஓடும். ஆனால் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் ஒன்று முதல் மூன்று வரை எடுத்துக்கொண்டால், நாற்பது நிமிடத்தில் ஒரு வகுப்புக்குப் பதின்மூன்று நிமிடம்தான் கிடைக்கும். அதில் நோட்டை எடுக்கச் சொல்லி, பென்சில் இல்லாதவனுக்குப் பென்சில் கொடுத்து, கரும்பலகையில் தேதி எழுதி முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் கரைந்துவிடும். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் வேறுபாடு புரியாமல் விழிக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார எங்கே நேரம்? இந்த முறையில் பாடம் முடிகிறது, பிள்ளை முடிப்பதில்லை. ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஒரு பத்தியை வாசிக்கத் திணறும் குழந்தைகளை ஆண்டுதோறும் பார்த்தவள் என்ற முறையில், இதற்கே திரும்பிவிடலாம் என்று சொல்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

இரண்டாவது, செயல்வழிக் கற்றல். தமிழ்நாட்டில் இது முதலில் வேர்விட்டது சென்னையில்தான். எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, ஆந்திரத்தின் ரிஷிவேலியில் நடந்த கிராமப்புறப் பள்ளி முயற்சியைப் பார்த்து, 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார்கள். 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவியது. மணி கிடையாது, பெஞ்சு கிடையாது. சுவரில் பாடத்தின் படிகளைப் படங்களாக வரிசைப்படுத்திய ஏணிப்படி அட்டவணை, தட்டுகளில் அட்டைகள், குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற கீழ்மட்டக் கரும்பலகை, வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையான பிள்ளைகள் ஒரே அறையில், தரையில், ஆறு குழுக்களாக உட்கார்வார்கள். ஒரு குழுவோடு ஆசிரியர் முழுமையாக இருப்பார்; மற்ற குழுக்களுக்குத் தோழர்களின் துணை, அல்லது சொந்த முயற்சி.

அந்த நாட்களில் என் வகுப்பில் ஒரு மீனவர் வீட்டுப் பெண் இருந்தாள். அம்மாவின் பிரசவத்துக்காக ஊருக்குப் போய் மூன்று வாரம் கழித்து வந்தாள். வந்த அன்று யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஏணிப்படி முன்னால் நின்றாள். விரலை வைத்துக்கொண்டே மேலே போனாள். தான் விட்ட படத்தைக் கண்டுபிடித்தாள். தட்டிலிருந்து அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாடவேளை முறையில் அந்த மூன்று வாரம் அவளுக்குத் தொலைந்தே போயிருக்கும். இங்கே பாடம் அவளுக்காகக் காத்திருந்தது. அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் குறையையும் மறைக்கக் கூடாது. அட்டை கையில் வந்ததும் வகுப்பில் பேச்சு குறைந்தது. எல்லோரும் சேர்ந்து ஒரு கதை கேட்பது, ஒரே குரலில் பாடுவது, ஒருவன் கேட்ட கேள்விக்கு இன்னொருவன் பதில் சொல்வது எல்லாம் அருகிப்போயின. அட்டை கிழிந்தாலோ காணாமல் போனாலோ ஏணியில் ஒரு படி இல்லாமல் போகும். சொல் சொல்லாகப் படித்து மேலே ஏறிவிட்ட பிள்ளை, ஒரு முழுக் கதையைக் கொடுத்தால் தடுமாறும். மெல்லக் கற்கும் பிள்ளை வாரக்கணக்கில் ஒரே படியில் நின்றாலும், ஆசிரியர் கவனிக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அவரவர் வேகம் என்பது நல்ல கொள்கை. ஆனால் பின்தங்கும் பிள்ளையைக் கைப்பிடித்து இழுக்க ஒருவர் வேண்டும்.

அந்தக் கையைக் கொடுக்க முயன்றதுதான் மூன்றாவது முறை, தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தின் இழப்பை ஈடுகட்ட, 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கியது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் நீண்டது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றுக்கும் முதலிடம். குழந்தைகள் வகுப்பால் அல்ல, அடைந்த நிலையால் பிரிக்கப்படுகிறார்கள்: அரும்பு, மொட்டு, மலர். பாட்டு, கதை, பொம்மலாட்டம் மீண்டும் வகுப்புக்குள் வந்தன. ஒரு பாடத்துக்கு நீண்ட நேரம் கிடைத்ததால், பாடிவிட்டுப் படிக்கவும், படித்துவிட்டு எழுதவும், எழுதியதைத் திருத்தவும் முடிந்தது. என் பார்வையில் நான்கிலும் இதுவே சிறந்த அடித்தளம்.

இரண்டு இடங்களில் இது இடறுகிறது. மூன்றாம் வகுப்புப் பையனை அரும்பு நிலையில் வைத்தால், தன் தங்கையின் வயதுப் பிள்ளைகளோடு அமர்ந்திருப்பதை அவன் உணர்கிறான். நிலையின் பெயரை உரக்கச் சொல்லாமல் இடத்தை மட்டும் மாற்றி அமர்த்துவேன். பெரும்பாலும் பலன் இருந்தது. இன்னொன்று, அடைவைச் செயலியில் பதிவேற்றும் வேலை. இணையம் மெதுவாக இருக்கும் நாளில் குழந்தைக்குரிய அரை மணி நேரம் கைபேசிக்குப் போய்விடுகிறது. மதிப்பீடு தேவைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது பாடவேளையிலிருந்து எடுக்கப்படக் கூடாது.

தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் மும்மொழியைச் சுற்றியே இருக்கிறது. தொடக்க வகுப்புகளைப் பொறுத்தவரை அதில் இரண்டு மொழிகள்தான். மூன்றாவது மொழி ஆறாம் வகுப்பில்தான் வருகிறது. மாநிலம் மும்மொழிக் கொள்கையை எதிர்ப்பதற்கான காரணங்கள் எனக்குப் புரிகின்றன; அவற்றில் பலவற்றோடு எனக்கு உடன்பாடும் உண்டு. அதற்காக இந்த வடிவமைப்பின் கால அட்டவணையைப் படித்துப் பார்க்காமல் விடுவது சரியல்ல. கலைக்கும் உடற்கல்விக்கும் அது தனி இடம் கொடுத்திருக்கிறது, மற்றப் பாடங்களுக்கு நிகரான பாடங்களாக. மூன்றாம் வகுப்பிலிருந்து ‘நம்மைச் சுற்றியுள்ள உலகம்’ வருகிறது. எண்ணும் எழுத்தும் முறையில் நான் ஏங்கியது இதற்குத்தான். மூன்று பாடங்களிலேயே நாள் போய்விட்டால் பறவை, மழை, தபால்காரர் பற்றியெல்லாம் பிள்ளை எப்போது கேட்கும்? ஆனால் அதன் அட்டவணை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது இருக்கும் பள்ளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இரண்டாசிரியர் பள்ளிக்கு வந்தால் அதே பதின்மூன்று நிமிடக் கணக்கில் போய் நிற்கும்.

எந்த முறை தாங்கும் என்பதைச் சென்னையில் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு: மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் ஏறத்தாழ ஒரு வாரம் பள்ளிகள் மூடிக்கிடந்தன. தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் கேட்பது ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரம். அதாவது நாளுக்கு நான்கு மணி. பாடவேளை முறையில் விடுபட்ட பக்கங்களைச் சனிக்கிழமைகளில் அவசர அவசரமாக ஓட்டிவிடுவார்கள். தேசிய அட்டவணையும் பாடவேளைக் கணக்குதான். ஒரு வாரம் போனால் முதலில் பலியாவது ஓவியமும் விளையாட்டும். அட்டை முறையில் பிள்ளை விட்ட இடத்திலேயே தொடங்கும். நிலை முறையில் ஒரு வாரத்தை மீள்பார்வைக்கு ஒதுக்கி, யார் எதை மறந்தார்கள் என்று பார்த்துக் குழுவை மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் அந்த டிசம்பரில் அப்படித்தான் செய்தோம். வெள்ளம் புகுந்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் நோட்டு, பை எதுவும் இல்லாமல் வந்தார்கள். அவர்களைக் கொண்டே அன்று வகுப்பு தொடங்கியது: தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எதை முதலில் பரணில் ஏற்றினார்கள் என்று சொல்லச் சொல்லி, அதையே எல்லோரும் எழுதினோம்.

என்னைக் கேட்டால், காலை உணவு முடிந்து வயிறு நிறைந்திருக்கும் முதல் ஒன்றரை மணி நேரம் நிலைவாரியாகத் தமிழுக்கு. இடைவேளைக்குப் பின் அதே அளவு கணக்குக்கு. இந்த இரண்டிலும் பயிற்சிக்கு மட்டும் பழைய அட்டைகள். மதிய உணவுக்குப் பிறகு எல்லா வயதுப் பிள்ளைகளும் சேர்ந்து ஆங்கிலப் பாட்டும் சூழலைப் பற்றிய பேச்சும். கடைசி நாற்பது நிமிடம் ஓவியம் அல்லது விளையாட்டு. விடுபட்ட எந்தப் பாடத்துக்காகவும் அதைத் தொடக் கூடாது. பதிவேற்றம் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, அதுவும் வாரத்தில் ஒரு நாள். இதற்குப் புதிதாக ஒரு புத்தகம்கூட அச்சடிக்க வேண்டியதில்லை. இரண்டாசிரியர் பள்ளிக்கு மூன்றாவதாக ஓர் ஆசிரியரைக் கொடுத்தால் அடுத்த ஜூனிலேயே தொடங்கிவிடலாம்.