பிரெக்சிட்: மறுபடி கேட்டிருக்கலாமா? நான்கு வழிகள், ஓர் அலசல்

2016 ஜூன் 23. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் இருப்பதா, வெளியேறுவதா (பிரெக்சிட்) என்று மக்களைக் கேட்ட வாக்கெடுப்பு நாள். லண்டனில் கொட்டித் தீர்த்த மழை. ஈஸ்ட் ஹாமில் எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூட வாசலில் குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போய், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கட்டும் என்று கட்டத்தில் பெருக்கல் குறி போட்டு வந்தேன். என் கையில் இருந்தது இந்தியப் பாஸ்போர்ட். இங்கே முறைப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு வாக்கு உண்டு என்பது இந்த நாட்டுச் சட்டம்.

எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு வாக்கு இல்லை. அவர் நெதர்லாந்துக்கு அகதியாகப் போய், அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இங்கே குடிவந்தவர். ஐரோப்பிய நாட்டவர்களில் அயர்லாந்து, மால்ட்டா, சைப்ரஸ்காரர்களுக்கு மட்டும்தான் வாக்கு. "தம்பி, நான் இஞ்ச பதினாலு வருசமா வரி கட்டுறன். எனக்கு வோட்டு இல்லை, உங்களுக்கு இருக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அது மறக்கவில்லை. அடுத்த மூன்றரை வருடமும் இந்த விஷயத்தில் நான் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் அவர் இருந்தார்.

முடிவு எல்லோருக்கும் தெரியும். வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1. தலைக்கணக்கில் 1 கோடியே 74 லட்சத்துக்கு 1 கோடியே 61 லட்சம். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் இருக்கலாம் என்றன. இங்கிலாந்தும் வேல்ஸும் போகலாம் என்றன. அதன்பின் "மறுபடி மக்களைக் கேள்" என்ற குரல் எழுந்து 2018, 2019-இல் லண்டன் தெருக்களை நிறைத்தது. அப்போது முன்னால் இருந்த வழிகள் நான்கு: கேட்காமல் நிறைவேற்றுவது, அதே கேள்வியைத் திரும்பக் கேட்பது, பொதுத்தேர்தலில் தீர்த்துக்கொள்வது, ஒன்றியத்தோடு பேசி முடித்துக் கொண்டுவந்த வெளியேற்ற ஒப்பந்தத்தை மக்கள் முன் வைப்பது. நான் நான்காவதன் பக்கம் நின்றேன், இன்றும் நிற்கிறேன். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை போல எழுத விரும்பவில்லை.

முதலில், கேட்காமல் நிறைவேற்றுவது. இதற்கு உள்ள பலமான வாதம் 2016 ஏப்ரலில் என் வீட்டுக் கதவிடுக்கில் வந்து விழுந்தது. அரசாங்கம் வீட்டுக்கு வீடு அனுப்பிய அந்தத் துண்டுப் பிரசுரத்தில், இது உங்கள் முடிவு, நீங்கள் முடிவுசெய்வதை அரசு நிறைவேற்றும் என்று அச்சிட்டிருந்தது. சட்டப்படி அந்த வாக்கெடுப்பு ஆலோசனைதான், நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாக்குச்சாவடிக்குப் போன யாரும் ஆலோசனை சொல்லப் போகவில்லை. வேலை விஷயமாக இரண்டு நாள் லிங்கன்ஷரில் இருக்கும் பாஸ்டன் ஊரில் தங்கியிருந்தேன். அங்கே 75 சதவீதத்துக்கு மேல் வெளியேறத்தான் வாக்களித்தார்கள். கேன்டீனில் பரிமாறிய வயதான அம்மா ஒருவர், "எங்கள் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்பது எப்போதும் முன்பே தெரியும். என் வோட்டு லண்டன்காரன் வோட்டுக்குச் சமமாக எண்ணப்பட்டது அந்த ஒருநாள்தான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த இரண்டு நாளைத் தவிர அப்படிப்பட்ட ஊர்களோடு எனக்குப் பழக்கமும் கிடையாது. எங்கள் ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் பகுதியே குறைந்த வித்தியாசத்தில்தான் "இருக்கலாம்" என்றது. ஆகவே இந்தப் பக்கத்து மனநிலையை நான் அரைகுறையாகத்தான் எடுத்துவைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அதே கேள்வியை மறுபடி கேட்பது. இதில் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. வாக்கெடுப்பு முடிந்த கையோடு நாற்பது லட்சம் பேருக்கு மேல் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள்: 75 சதவீதத்துக்குக் குறைவானவர்கள் வாக்களித்து, ஜெயித்த பக்கம் 60 சதவீதத்தைத் தொடாவிட்டால் மறுவாக்கெடுப்பு வேண்டும் என்று. பந்தயம் முடிந்தபின் கோட்டை நகர்த்துகிற வேலை அது. நான் கையெழுத்திடவில்லை. வெளியேறும் தரப்பின் அதிகாரபூர்வப் பிரசார அமைப்புக்குச் செலவு வரம்பை மீறியதற்காகத் தேர்தல் ஆணையம் 2018-இல் அபராதம் போட்டது உண்மை. வாரம் 35 கோடி பவுண்டு ஒன்றியத்துக்குப் போகிறது என்று அவர்கள் பிரசாரப் பேருந்தில் எழுதிய கணக்கு தப்பு என்பதும் உண்மை. சுவிட்சர்லாந்தில் அரசு தவறான எண்ணிக்கை கொடுத்ததற்காக 2016-இல் நடந்த ஒரு வாக்கெடுப்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-இல் ரத்தே செய்தது. ஆனால் அங்கே ரத்து செய்தது நீதிமன்றம். தோற்றவர்களே எழுந்து நின்று கேட்டால் அதற்கு அந்த மதிப்பு வராது.

மூன்றாவது, பொதுத்தேர்தல். கடைசியில் நடந்தது இதுதான். 2019 டிசம்பர் 12-இல் கன்சர்வேட்டிவ் கட்சி 43.6 சதவீத வாக்கில் 365 இடம் பிடித்தது, 2020 ஜனவரி 31-இல் பிரிட்டன் வெளியேறியது. இன்னொரு வாக்கெடுப்போ வெளியேற்றத்தைக் கைவிடுவதோ வேண்டும் என்ற கட்சிகள் எல்லாம் சேர்ந்து வாங்கிய வாக்கு பாதிக்கும் சற்று மேல். இதை வைத்து எங்கள் பக்கத்தில் பலர் "மக்கள் எங்களோடுதான்" என்றார்கள். சரியில்லை. லேபருக்கு வாக்களித்தவர்களில் வெளியேற விரும்பியவர்களும் இருந்தார்கள், கன்சர்வேட்டிவுக்குப் போட்டவர்களில் இருக்க விரும்பியவர்களும் இருந்தார்கள். மருத்துவமனை, வரி, கட்சித் தலைவர் என்று பத்து விஷயத்தை ஒரே கட்டத்தில் அடைத்து வாங்கும் வாக்கு அது. ஒற்றைக் கேள்விக்கு அதிலிருந்து பதில் பிரித்தெடுக்க முடியாது.

நான்காவதைப் பற்றிப் பேசும்போது "இரண்டாவது வாக்கெடுப்பு" என்ற பெயரே குழப்புகிறது. எனக்கு எல்லாமே ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: வாக்குச்சீட்டில் எழுதியிருப்பது முடிந்துபோன விஷயமா, இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமா?

2016 சீட்டில் இரண்டு கட்டங்கள். "இருப்பது" என்ற கட்டத்துக்கு அர்த்தம் தெரியும், அப்போதிருந்த நிலைமைதான். "வெளியேறுவது" என்ற கட்டத்துக்குள் நார்வே போல ஒன்றியத்துக்கு வெளியே இருந்துகொண்டு அதன் பொதுவான ஒற்றைச் சந்தையில் மட்டும் இருப்பதும் இருந்தது, கனடா போல வெறும் வர்த்தக ஒப்பந்தமும் இருந்தது, எந்த ஒப்பந்தமும் இல்லாமல் போவதும் இருந்தது. மூன்றும் மூன்று வேறு நாடுகள். வாக்களித்தவர் தன் மனதில் ஒன்றை நினைத்துப் போட்டார். பிறகு அதைப் பிரித்துப் பார்க்கும் வேலை நாடாளுமன்றத்தின் தலையில் விழுந்தது. அதனால் முடியவில்லை. பிரதமர் தெரேசா மே கொண்டுவந்த ஒப்பந்தம் 2019 ஜனவரி 15-இல் 432-க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் இரண்டுமுறை மறுபடி தோற்றது. மார்ச் 27-இல் எட்டு மாற்று யோசனைகளை வாக்குக்கு விட்டார்கள், எட்டும் தோற்றன. கேள்வியில் விட்ட ஓட்டை மூன்று வருடம் கழித்து அவையில் ஒழுகியது.

இதே நாட்டில் இதைச் சரியாகச் செய்த முன்னுதாரணம் இருக்கிறது. 1998-இல் வட அயர்லாந்தின் அமைதி ஒப்பந்தமான புனித வெள்ளி ஒப்பந்தத்தைப் பேசி, எழுதி, கையெழுத்திட்டு முடித்து, அதன் முழுப் பிரதியை வீட்டுக்கு வீடு தபாலில் அனுப்பி, அதற்கப்புறம்தான் வாக்குக் கேட்டார்கள். 71 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2011-இல் தேர்தல் முறையை மாற்றலாமா என்று நடந்த வாக்கெடுப்பிலும், மக்கள் ஆம் என்றால் புதிய முறையை அமைச்சர் நடைமுறைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தது. மக்கள் வேண்டாம் என்றார்கள், விஷயம் அன்றோடு முடிந்தது. 2015-இல் பிரெக்சிட் வாக்கெடுப்புக்காக இயற்றிய சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

"சரியான பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பீர்களா?" என்று கேட்பவர்கள் டென்மார்க்கையும் அயர்லாந்தையும் காட்டுவார்கள். டென்மார்க் 1992-இல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை 50.7 சதவீதத்தில் நிராகரித்தது. அடுத்த வருடம் 56.7 சதவீதத்தில் ஏற்றது. நடுவில் பொது நாணயம், பாதுகாப்பு உள்ளிட்ட நான்கு விஷயங்களில் விலக்கு வாங்கியிருந்தார்கள். அயர்லாந்து 2008-இல், ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய லிஸ்பன் உடன்படிக்கைக்கு இல்லை என்றது. வரி, ராணுவ நடுநிலை, கருக்கலைப்பு பற்றிய உறுதிமொழிகள் கைக்கு வந்தபின் 2009-இல் 67 சதவீதம் ஆம் என்றது. உடன்படிக்கையின் வாசகம் மாறவில்லையே என்று கேட்டால், ஆம், மாறவில்லை. அயர்லாந்து உதாரணத்தை நான் பெரிதாக நம்பியிருக்கவில்லை. டென்மார்க்கில் மேசைமேல் இருந்த பொருளே வேறு.

இந்த வழியிலும் சங்கடம் உண்டு. சீட்டில் எத்தனை கட்டம்? கன்சர்வேட்டிவ் எம்.பி. ஜஸ்டின் கிரீனிங் 2018-இல் மூன்று கட்டம் என்றார்: ஒப்பந்தம், ஒப்பந்தமில்லா வெளியேற்றம், இருப்பது. மூன்று பங்காக வாக்கு உடைந்து 35 சதவீதம் வாங்கியது ஜெயித்தால், மீதி 65 பேர் ஏற்பார்களா? இரண்டு கட்டம்தான் என்றால், ஒப்பந்தமே இல்லாமல் போய்விடலாம் என்பவர்களுக்கு அவர்கள் விருப்பம் சீட்டிலேயே இருக்காது. மறுபடி மக்களைக் கேட்கச் சொல்லிப் போராடிய பீப்பிள்ஸ் வோட் இயக்கம் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாமல் கடத்தியது என்பது என் குறை. அந்த இயக்கத்தின் 2019 மார்ச் 23 லண்டன் பேரணியில் நானும் பார்க் லேனிலிருந்து நடந்தேன். சுற்றியிருந்தவர்களில் பெரும்பாலானோர் கேட்டது மறுவாக்கு இல்லை, வெளியேற்றம் ரத்து. அங்கே எனக்கு மனசு கொஞ்சம் ஒட்டவில்லை.

என் பதில், லேபர் எம்.பி.க்கள் பீட்டர் கைலும் ஃபில் வில்சனும் சொன்ன யோசனை. நாடாளுமன்றம் ஒப்பந்தத்தை நிறைவேற்றட்டும். ஆனால் மக்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே அது நடைமுறைக்கு வரும். ஆம் என்றால் மறுநாளே வெளியேற்றம். இல்லை என்றால் இருப்பது. பேசித் தீர்க்க மிச்சம் எதுவும் இருக்காது. இருப்பது என்ற வழி சட்டப்படி திறந்தே இருந்தது. பிரிட்டன் தன்னிச்சையாகவே விலகல் அறிவிப்பைத் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்திருந்தது. ஒப்பந்தமில்லா வெளியேற்றத்துக்குக் கட்டம் கிடையாது, ஏனென்றால் அது முடிந்த விஷயம் இல்லை. போனபிறகும் எல்லாவற்றையும் பேசியாக வேண்டும். இந்தத் தர்க்கத்தை பாஸ்டன் அம்மா ஏற்றிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன்.

காலம் போதாது என்றார்கள். சட்டம் இயற்ற, கேள்வியைச் சோதிக்க, பிரசாரத்துக்கு என்று குறைந்தது 22 வாரம் ஆகும் என லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். வெளியேற 2019 மார்ச் 29 என்றிருந்த கெடு அக்டோபர் 31-க்குத் தள்ளிப்போய், பிறகு மறு ஜனவரிக்கும் போனது. 22 வாரம் அதற்குள் தாராளமாக அடங்கும்.

2019 ஏப்ரல் 1 இரவு நாடாளுமன்றத்தில் கைல், வில்சன் யோசனை 292-க்கு 280 என்று தோற்றது. பன்னிரண்டே வாக்கு.

எதிர்வீட்டு அண்ணா நிரந்தர வசிப்பு உரிமைக்கு போனில் விண்ணப்பித்து வாங்கிவிட்டார். இப்போது ஒன்றியத்தில் மறுபடி சேர வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டு எங்கள் தெருப் பக்கம் ஆட்கள் வருகிறார்கள். சேர வேண்டும் என்பதே என் ஆசையும். ஆனால் அவர்களிடமும் நான் கேட்பது இதுதான்: யூரோ நாணயம் உண்டா, நாடுகளுக்கிடையே பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஷெங்கன் எல்லை உண்டா, 1984-இல் அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர் ஒன்றியத்துக்குக் கட்டும் பணத்தில் வாங்கிவந்த சந்தாத் தள்ளுபடி திரும்பக் கிடைக்குமா? அதெல்லாம் பேசிக்கொள்ளலாம் என்றார் போன மாதம் வந்த பெண். பேசி முடித்துவிட்டு வாருங்கள், முதல் கையெழுத்து என்னுடையது என்று சொல்லி அனுப்பினேன்.