செம்பில் வெட்டிய இருபது எழுத்து

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு நகைப்பட்டறையில், வயதான பத்தர் ஒருவர் செம்புத் தகட்டில் கையால் எழுத்து வெட்டித் தருகிறார். போன மாதம் அவரிடம் ஒரு தகடு செய்வித்தேன்.

துன்னாலையில் எங்கள் வளவுக் கிணற்றில் அம்மம்மா காலத்தில் எல்லாரையும் அள்ள விட்டதில்லை. சிலருக்கு நாங்கள்தான் வாளியால் ஊற்றுவோம், அவர்கள் கையை ஏந்திக் குடிப்பார்கள். அம்மா கண்மூடுவதற்கு முதல், "அதை மாத்தி, எழுதியும் வை பிள்ளை" என்றா. "இக்கிணற்றில் எவரும் தண்ணீர் அள்ளலாம்." அவ்வளவுதான் வாசகம்.

முதலில் வேறொரு கடையில் பித்தளையில் லேசரால் போடுவித்தேன். பார்க்க வடிவுதான். ஆனால் எழுத்து மேல்பூச்சில் மட்டும் நின்றது. ஒருநாள் புளி போட்டு மினுக்கினேன், பாதி போய்விட்டது.

பத்தர் தகட்டை அரக்கில் பதித்துவிட்டு, சிற்றுளியைச் சரித்துப் பிடித்துத் தட்டினார். உளிக்கு முன்னால் தலைமயிர் மாதிரி ஒரு செம்புச் சுருள் எழும்பி வந்தது. இந்த எழுத்து கீறலோ பூச்சோ இல்லை. அந்த இடத்தில் செம்பே இல்லை. நகத்தை விட்டால் பள்ளம் தட்டுப்படும். 'ணீ'யில் மட்டும் அரை மணித்தியாலம் நின்றார்.

"ஓலையில எழுதின ஆக்கள் புள்ளி குத்தாமல் விட்டிடுவினம் பிள்ளை, ஓலை பொத்துப்போகும் எண்டு. செம்புக்கு அந்தப் பயம் இல்லை" என்று எட்டுப் புள்ளியையும் குத்தினார். எழுத்துக்கு இருநூறு ரூபா, புள்ளிக்குக் காசில்லை. தகடு வேறாக ஆயிரத்தைந்நூறு.

இந்த வேலைக்குச் செம்பைத் தேடிப் போனதற்குக் காரணம் இருக்கிறது. இந்தோனேசியாவில் மேற்கு ஜாவாவின் சுந்தா மக்களும் எங்களைப் போலப் பனையோலையில் எழுதியவர்கள்தான். இரும்புக் கத்தியால் ஓலையைக் கீறினார்கள். ஆனால் புனித நிலத்தில் வரி வாங்கக்கூடாது என்ற, அங்கே ஆண்ட பஜாஜாரான் அரசரின் ஆணை செம்பில்தான் ஏறியது. கெபந்தெனானில் கிடைத்த அந்த 5 செப்பேடுகள் பழைய சுந்தா மொழியில் இருக்கின்றன. நாகப்பட்டினத்து விகாரைக்குச் சோழர் ஊர் கொடுத்ததைச் சொல்லும் லெய்டன் பெரிய செப்பேடும் 21 இதழ் செம்பு. ஏன், எங்கள் ஊருக்குப் பக்கத்து வல்லிபுரத்தில் 1936இல் எடுத்த பொன்னேட்டில் நாலு வரி பிராமி எழுத்து இன்றைக்கும் வாசிக்கக் கிடக்கிறதே. ஓலையைத் திரும்பத் திரும்பப் படியெடுக்க ஆள் வேணும். கொடுத்த சொல்லை அப்படி இன்னொருவர் கையை நம்பி விடமுடியாது.

குறைகளும் உண்டு. ஒரு கிழமை என்றவர் மூன்று கிழமை எடுத்தார். இரண்டாவது வரி வலப்பக்கம் ஒரு நெல்லளவு இறங்கியிருக்கிறது. விளிம்பை அரம் போட்டுத் தேய்த்துத் தரவில்லை, என் பெருவிரலில் வெட்டிவிட்டது. எண்டாலும் அடுத்த தகட்டுக்கும் அவரிடம்தான் போவேன்.

போகிறவர்கள் வாசகத்தைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக்கொண்டு காலமையே போங்கோ, மத்தியானத்துக்குப் பிறகு அவருக்குக் கண் தெரியாது. தகட்டில் ஆணித்துளையை முதலே போடுவித்துக்கொண்டு போங்கோ. நான் மறந்துபோய், கிணற்றுக் கட்டில் சீமெந்து வைத்துத்தான் பதித்தேன்.